வாடும் இலைக்குள் நடக்கும் வேலை

மலேசியாவின் கேமரன் மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் தேயிலை ஆலைக்குள் நுழைந்ததும் தேடுவது இயந்திரங்களைத்தான். இலையை உருட்டிப் பிழியும் உருளை, சூடான காற்றில் காய வைக்கும் அடுப்பு, தூளைத் தரம் பிரிக்கும் சல்லடை. இவை ஓசை எழுப்பும், அசையும், படமெடுக்க வசதியாக இருக்கும். அவற்றுக்கு முன்னால் இன்னொரு கட்டம் இருக்கிறது. நீண்ட தொட்டிகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி, இரவு முழுக்க அப்படியே விட்டுவைக்கிறார்கள். இதற்கு வாட்டல் என்று பெயர். அங்கே அசைவது ஒன்றுமில்லை. ஆனால் கோப்பையில் ஊற்றிய தேநீரிலிருந்து எழும் மணத்துக்கு அடித்தளம் போடப்படுவது அந்தத் தொட்டியில்தான்.

வடக்கு இத்தாலியில், வெரோனா நகரை ஒட்டிய வால்போலிச்செல்லா குன்றுகளில், இதே வேலையைத் திராட்சையை வைத்துச் செய்கிறார்கள். பறித்த பழத்தை உடனே பிழியாமல் மூன்று, நான்கு மாதம் பரணில் வாட விட்டு, சுருங்கிய பழத்திலிருந்து அமரோனே என்னும் அடர்ந்த செந்நிற ஒயினை வடிக்கிறார்கள். ஒன்று மது, மற்றது தேநீர். ஒன்று பழம், மற்றது இலை. ஆனாலும் இரண்டுக்கும் பின்னால் இருக்கும் உயிரியல் ஒன்றே. செடியிலிருந்து பிரித்த உறுப்பு பிரித்த கணத்தில் சாவதில்லை. அது வாடுகிற நேரத்தில் தனக்குள் பெரிய மாற்றங்களைச் செய்துகொள்கிறது. அந்த நேரத்தைக் கையாளத் தெரிந்தவர்களே நல்ல தேயிலையும் நல்ல ஒயினும் தந்திருக்கிறார்கள்.

பறித்த பின்னும் மூச்சு

பறித்த கொழுந்தைச் சாக்கில் இறுக்கி அடைத்து ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டால் சூடு தெரியும். அந்தச் சூட்டில் வெயிலின் பங்கு மட்டுமில்லை, இலையின் பங்கும் இருக்கிறது. பறித்த பிறகும் இலையின் செல்கள் சுவாசிக்கின்றன. தம்மிடமுள்ள சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியிடுகின்றன. நெருக்கி அடைத்த சாக்கில் அந்த வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை. சூடு மிஞ்சினால் செல்கள் வெந்து உடைந்து, கொழுந்து ஆலைக்கு வருமுன்பே சிவந்துவிடும். அந்தக் கொழுந்தில் பிறகு என்ன வித்தை செய்தாலும் நல்ல தேநீர் வராது. அதனால்தான் தோட்டங்களில் கொழுந்தைத் தளர்வாக நிரப்ப வேண்டும், நிழலில் வைக்க வேண்டும், சீக்கிரம் ஆலையில் சேர்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

திராட்சையும் அப்படித்தான். கொத்தைக் கொடியிலிருந்து வெட்டிய பிறகும் பழம் சுவாசிக்கிறது. தன்னிடமுள்ள மாலிக் அமிலத்தையும் கொஞ்சம் சர்க்கரையையும் எரிக்கிறது. வெளியிலிருந்து நீர் வருவது நின்றுவிட்டது என்பதை அதன் செல்கள் ஒரு நெருக்கடியாக உணர்கின்றன. உடனே அதுவரை அடங்கியிருந்த பல மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன.

நம் வீட்டு மொட்டை மாடியில் போடும் மிளகாய் வற்றலோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். சுள்ளென்ற வெயிலில் வற்றல் சீக்கிரம் காய வேண்டும். ஈரம் போனால் பூஞ்சை பிடிக்காது, அவ்வளவுதான் நோக்கம். தேயிலையிலும் அமரோனேயிலும் செய்வது நிழலில், இளங்காற்றில், மெதுவாக வாட்டுவது. உயிருள்ள திசுவை உடனே கொன்றுவிடாமல், நீரை மட்டும் சிறிது சிறிதாக இழக்க வைப்பது.

வெரோனாவின் பரண்கள்

வால்போலிச்செல்லாவில் இந்தப் பழக்கம் மிகப் பழையது. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியை ஆண்ட ஆஸ்ட்ரோகோத் மன்னர்களிடம் அமைச்சராக இருந்த காசியோடோரஸ், வெரோனாப் பகுதியில் இலையுதிர் காலத்தில் பறித்த திராட்சையைக் குளிர்காலம் வரை வைத்திருந்து செய்யும் ஒயினைப் பற்றித் தன் கடிதம் ஒன்றில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த மரபில் வந்த இனிப்பு ஒயின் ரெச்சோத்தோ. அதில் நொதித்தல் பாதியில் நிற்பதால் சர்க்கரை மிஞ்சும். ஈஸ்ட் சர்க்கரை முழுவதையும் தின்று தீர்த்துவிட்டால் இனிப்பில்லாத, வீரியமான ஒயின் கிடைக்கும். அதுவே அமரோனே. 20ஆம் நூற்றாண்டில்தான் அதற்குத் தனிப்பெயரும் சந்தையும் அமைந்தன. 1968இல் வால்போலிச்செல்லாவுக்குச் சட்டப்படியான புவிசார் தகுதி கிடைத்தது. 2010இல் அமரோனே இத்தாலியின் மிக உயர்ந்த ஒயின் தகுதியைப் பெற்றது.

இதற்கான முதன்மைத் திராட்சை கொர்வீனா. கூடவே கொர்வினோனே, ரொந்தினெல்லா போன்ற வகைகளும் சேரும். செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும், பழங்கள் நெருக்கியடிக்காத கொத்துகளாகப் பார்த்து வெட்டுகிறார்கள். காற்றோட்டமான பரண்களில், அந்தக் காலத்தில் மூங்கில் தட்டிகளிலும் இப்போது பெரும்பாலும் ஆழமில்லாத பெட்டிகளிலும், ஒரே அடுக்காகப் பரப்புகிறார்கள். டிசம்பர் 1ஆம் தேதிக்கு முன்னால் பிழியக் கூடாது என்பது விதி. நல்ல தயாரிப்பாளர்கள் ஜனவரி வரைகூடக் காத்திருப்பார்கள். அதற்குள் பழம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை, சில சமயம் அதற்கும் மேல், இழந்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோ திராட்சையில் 20 கிலோ சர்க்கரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 35 கிலோ நீர் ஆவியானால் மிச்சம் 65 கிலோ. அதே 20 கிலோ சர்க்கரை இப்போது எடையில் 31 சதவீதம். சுவாசத்தில் எரிந்துபோவதைக் கழித்தாலும் செறிவு வெகுவாக ஏறிவிடுகிறது. அதனால்தான் அமரோனேயில் ஆல்கஹால் குறைந்தது 14 சதவீதம் இருக்க வேண்டும் என்று விதி வைக்க முடிகிறது. பல அமரோனேக்கள் 15, 16 சதவீதத்தைத் தொடுகின்றன.

வெறும் செறிவு மட்டும்தான் நோக்கம் என்றால் சாற்றைக் காய்ச்சிச் சுண்ட வைத்தாலே போதுமே? போதாது. வாடும் கொர்வீனாவின் மரபணுச் செயல்பாட்டை வெரோனா பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்திருக்கிறார்கள். வாடும் வாரங்களில், செடி தன்னைக் காத்துக்கொள்ளத் தயாரிக்கும் ஸ்டில்பீன் வகைப் பொருள்களை உண்டாக்கும் மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன. ரெஸ்வெரட்ரால் அந்த வகையைச் சேர்ந்தது. செல்சுவர்கள் தளர்கின்றன. வாசனைப் பொருள்களின் விகிதம் மாறுகிறது. புதுத் திராட்சையில் இல்லாத, உலர்ந்த செர்ரி, உலர்ந்த பிளம், மசாலாப் பொருள்களை நினைவூட்டும் மணங்கள் தோன்றுகின்றன. கொதிக்கும் பாத்திரத்தில் இவை எதுவும் நடக்காது. உயிருள்ள பழத்தில் மட்டுமே நடக்கும்.

ஒரே இரவு ஏன்?

திராட்சைக்கு நூறு நாள் பிடிக்கிற வேலை தேயிலைக்கு ஓர் இரவில் முடிகிறது. காரணம் உடலமைப்பு. திராட்சையின் தோல் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. கறுப்புத் திராட்சையின் மேல் வெண்மையாகப் படிந்திருக்கும் அந்தப் படலம் நீரை எளிதில் வெளியே விடாது. உருண்டையான பழத்தில் உள்ளிருக்கும் நீரோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பும் குறைவு. தேயிலைக் கொழுந்து மெல்லிய தகடு. அதன் அடிப்பக்கம் முழுக்க இலைத்துளைகள். பறித்த புதிதில் நீராவி அவற்றின் வழியாக வேகமாக வெளியேறும். துளைகள் மூடிக்கொண்ட பிறகு மேல்தோல் வழியாக மெதுவாகக் கசியும். தண்டில் இருக்கும் நீர் கடைசியில்தான் வரும்.

இந்த ஓர் இரவு வேலை நடக்கும் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டம் வேரூன்றியது 1929இல். ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர், இலங்கையில் அனுபவம் பெற்ற தோட்டத் துரை ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டமும் தோன்றியது. இலங்கை மலையகத்தைப் போலவே இங்கும் காட்டை வெட்டி, சரிவில் செடி நட்டு, கொழுந்து பறித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். தோட்டத் தமிழ்ப் பள்ளிகளும் மாரியம்மன், முருகன் கோயில்களும் அவர்கள் வாழ்ந்ததன் அடையாளங்கள். இன்று போ நிறுவனத்தின் தோட்டங்கள் ஹாபு, சுங்கை பாலாஸ், ஃபேர்லி என்று மலையில் பரந்திருக்கின்றன. நாட்டின் தேயிலை விளைச்சலில் பெரும்பங்கு அவற்றினுடையது.

இங்கே தேயிலை வளரும் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டருக்கும் அதிகம். குளிரும் மூடுபனியும் அடிக்கடி பெய்யும் மழையும் செடிக்கு நல்லவை. ஆனால் வாட்டல் அறைக்கு அவையே தொல்லை. வால்போலிச்செல்லாவின் பரணில் ஈரக்காற்று புகுந்தால் திராட்சையில் சாம்பல் பூஞ்சை பிடிக்கும் என்று பயப்படுவார்கள். கேமரன் மலையில் காற்றே ஈரமாக இருக்கிறபோது இலையின் நீர் எங்கே போகும்?

இதற்கு விடை சொல்வது இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழ் உலர்ந்திருக்கும், மற்றதன் குமிழைச் சுற்றி ஈரத்துணி. ஈரத்துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது அந்த வெப்பமானி கீழே இறங்கும். இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் அதிகமானால் காற்றில் இன்னும் நீரை ஏற்றிக்கொள்ள இடமிருக்கிறது என்று பொருள். வித்தியாசம் ஓரிரு டிகிரிக்குள் சுருங்கிவிட்டால் எவ்வளவு வேகமாகக் காற்றை ஊதினாலும் இலை வாடாது. மழை நாளில் காற்றைக் கொஞ்சம் சூடாக்கி ஊத வேண்டியிருக்கிறது. ஆனால் அளவுக்கு மேல் சூடாக்கக் கூடாது. காற்றின் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் இலையின் ஓரம் கருகும், உள்ளே நடக்க வேண்டிய வேதியியல் தடம் மாறும். வறண்ட நாளில் சூடே தேவைப்படாது. தொட்டியின் மேல் எவ்வளவு கனமாக இலையைப் பரப்புவது, எப்போது புரட்டிவிடுவது, எப்போது காற்றைக் குறைப்பது என்பதெல்லாம் அன்றைய வானத்தைப் பார்த்து எடுக்கும் முடிவுகள்.

இலைக்குள் என்ன நடக்கிறது?

பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். 100 கிலோ கொழுந்தில் 77 கிலோ நீர் என்றால் திடப்பொருள் 23 கிலோ. வாட்டலில் 30 கிலோ நீர் போனால் மிச்சம் 70 கிலோ, அதில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் நீர்தான். எல்லாம் முடிந்து சாக்கில் கட்டும்போது 24 கிலோவுக்குச் சற்றுக் குறைவான தேயிலை கிடைக்கும்.

நீர் குறைந்த இலை துவண்டுவிடும். விறைப்பாக இருக்கும் பச்சை இலையை உருளையில் போட்டால் அது நொறுங்கும், சாறு வழிந்து வீணாகும். துவண்ட இலை முறுக்கேறும், சாறு இலையின் மேலேயே பூசிக்கொள்ளும். வாட்டலின் வெளிப்படையான பயன் இது.

உள்ளே நடப்பது இதைவிட நுட்பமானது. இலையின் புரதங்கள் உடைந்து அமினோ அமிலங்கள் பெருகுகின்றன. பச்சையம் சிதையத் தொடங்குகிறது. கஃபீன் அளவு சற்றுக் கூடுகிறது. செல் சவ்வுகளின் கொழுப்பு உடைந்து, அதிலுள்ள லினோலெனிக் அமிலத்திலிருந்து, வெட்டிய புல்லின் பச்சை வாசனையைத் தரும் ஹெக்செனால் போன்றவை பிறக்கின்றன. கரோட்டின் வகை நிறமிகள் சிதைந்து மலர்மணம் கொண்ட அயோனோன் உருவாகிறது.

இவற்றில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது லினலூல், ஜெரானியால் என்னும் இரண்டு பொருள்களின் கதை. மல்லிகையிலும் ரோஜாவிலும் மணம் வீசும் இவை தேயிலையிலும் நிறைய உண்டு. ஆனால் பச்சைக் கொழுந்தை முகர்ந்தால் அந்த மணம் அவ்வளவாக வராது. காரணம், இலை அவற்றைச் சர்க்கரை மூலக்கூறோடு பிணைத்து வைத்திருக்கிறது. சர்க்கரையோடு பிணைந்த நிலையில் அவை காற்றில் ஆவியாவதில்லை, அதனால் மூக்குக்கு எட்டுவதில்லை. அந்தப் பிணைப்பை வெட்டும் நொதியையும் இலை வைத்திருக்கிறது. ஆனால் வேறிடத்தில். பிணைந்த மணப்பொருள் செல்லின் நடுவிலுள்ள நீர்ப்பையில் இருக்கும், நொதி செல்சுவரை ஒட்டி இருக்கும். வாடும்போது சவ்வுகள் தளர்ந்து கசிகின்றன. உருட்டும்போது செல்கள் உடைகின்றன. இரண்டும் சந்திக்கின்றன, மணம் விடுபடுகிறது. பிரைமவெரோசிடேஸ் என்னும் இந்த நொதியை 1990களில் அடையாளம் கண்டு விளக்கியவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள்.

மஸ்கட் வகைத் திராட்சைக்குத் தனி வாசனை தருவதும் இதே லினலூலும் ஜெரானியாலும்தான். அங்கேயும் அவை பெரும்பாலும் சர்க்கரையோடு பிணைந்தே கிடக்கின்றன. டார்ஜிலிங்கின் இரண்டாம் பருவத் தேயிலையைச் சுவைப்பவர்கள் அதில் மஸ்கட் மணம் வீசுகிறது என்று சொல்வது வெறும் புகழ்ச்சி இல்லை. திராட்சைக் கொடியும் தேயிலைச் செடியும் தாவர உலகில் நெருங்கிய உறவினர் அல்ல. ஆனாலும் ஒரே மணப்பொருளை ஒரே விதமாகச் சேமித்துவைக்கும் வழியை இரண்டுமே கைக்கொண்டிருக்கின்றன.

நேரமும் ஒரு மூலப்பொருள்

நீரை வெளியேற்றுவதுதான் வாட்டல் என்றால் நல்ல வெப்பக்காற்று இயந்திரம் ஒன்றை வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். சில நாடுகளில் அப்படிச் செய்தும் பார்த்தார்கள். இலை துவண்டது, உருண்டது, கறுத்தது. தேநீர் மட்டும் மொட்டையாக இருந்தது.

கென்யாவின் கெரிச்சோ போன்ற இடங்களில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டின. நீர் குறைவது ஒன்று, வேதி மாற்றம் இன்னொன்று. நீர் குறைவதைச் சூட்டாலும் காற்றாலும் வேகப்படுத்தலாம். வேதி மாற்றத்துக்குப் பறித்த நேரத்திலிருந்து இத்தனை மணி நேரம் என்று ஒரு கெடு உண்டு, அதை அவசரப்படுத்த முடியாது. இதிலிருந்து ஒரு நடைமுறை பிறந்தது. முதலில் கொழுந்தை அதிகம் உலர விடாமல் குளிர்ந்த காற்றில் பல மணி நேரம் வைத்திருந்து, வேதி மாற்றம் முடிந்த பிறகு நீரை வேகமாக எடுப்பது. தொட்டி குறைவாக உள்ள ஆலைகளுக்கு இது கைகொடுத்தது.

நேரம் கூடினாலும் ஆபத்துதான். மிக நீண்ட நேரம் வாடிய இலையில் மணம் ஏறும், ஆனால் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதியின் வீரியம் இறங்கும். உருட்டிய பிறகு தேயிலைக்குச் செம்பொன் நிறத்தையும் நாக்கில் நிற்கும் சுறுசுறுப்பையும் தரும் தியாஃபிளேவின்கள் உருவாக அந்த நொதி வேண்டும். ஆக, மணத்துக்கும் பளிச்சென்ற நிறத்துக்கும் இடையில் ஒரு சமநிலையைத் தேட வேண்டியிருக்கிறது. பால் சேர்க்கும் தேநீருக்கு ஒரு புள்ளி, பாலில்லாத தேநீருக்கு வேறொரு புள்ளி.

கை சொல்லும் தீர்ப்பு

எவ்வளவு கருவி வந்தாலும் வாட்டல் போதுமா என்று கடைசியில் தீர்மானிப்பது ஒரு மனிதரின் கைதான். தொட்டியின் நடுவிலிருந்து ஒரு பிடி இலையை எடுத்து உள்ளங்கையில் இறுக்கி உருட்டுகிறார். விரல்களைத் திறக்கிறார். வாடாத இலை உடனே விரிந்து சிதறும். அதிகம் வாடியது சரசரக்கும். சரியாக வாடியது உருண்டையாகவே சில நொடிகள் இருந்து, பிறகு மெதுவாக அவிழும். அடுத்து ஒரு தண்டை எடுத்து மடக்குகிறார். பட்டென்று ஒடிந்தால் தண்டில் இன்னும் நீர் இருக்கிறது, வளைந்து கொடுத்தால் சரி. பிறகு முகர்கிறார். மாலையில் வந்த பச்சை வாடை போய்ப் பழ வாசனையும் பூ வாசனையும் எழ வேண்டும். மேல் அடுக்கு, அடி அடுக்கு, தொட்டியின் முனை, காற்றாடிக்குப் பக்கம் என்று பல இடங்களில் இதைச் செய்த பிறகே இலை உருளைக்குப் போகும்.

இன்று இந்தக் கைக்கு வேலை கூடியிருக்கிறது. கேமரன் மலையில் விரலால் கிள்ளிப் பறிப்பது அரிதாகி, கத்திரியும் இருவர் பிடித்து நடக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. தமிழ்க் குடும்பங்களின் இளைய தலைமுறை படித்து நகரங்களுக்குப் போய்விட்டது. வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். விரல் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளும், கத்தி அப்படிப் பார்க்காது. இளங்கொழுந்தோடு முற்றிய இலையும் தண்டும் பாதி வெட்டுப்பட்ட துண்டுகளும் சேர்ந்து வருகின்றன. முற்றிய இலை ஒரு வேகத்தில் வாடும், கொழுந்து இன்னொரு வேகத்தில் வாடும், வெட்டுப்பட்ட விளிம்பு வாடுமுன்பே சிவக்கத் தொடங்கும். இத்தனையும் ஒரே தொட்டியில் கிடக்கும்போது எந்தப் புள்ளியில் நிறுத்துவது என்ற கேள்வி முன்பைவிடக் கடினமானது.

அமரோனேயைச் சுவைக்கிறவர்கள் இன்று திராட்சையின் பெயரைக் கேட்கிறார்கள், தோட்டத்தின் சரிவைக் கேட்கிறார்கள், எத்தனை நாள் வாட்டினீர்கள் என்றும் கேட்கிறார்கள். வாட்டியவரின் திறமைக்கு அங்கே விலை இருக்கிறது. தேயிலைக்கும் அந்த மதிப்பு வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேமரன் மலைத் தமிழர்களின் உழைப்பைப் பற்றிப் பேசும்போது கூடை சுமந்த பெண்களின் படம் எப்போதும் முன்னால் வருகிறது, அது நியாயமே. அதனோடு, ஆலையில் இரவு முறைக்கு வந்து இலையைப் புரட்டி, முகர்ந்து, கையில் உருட்டிப் பார்த்தவர்களின் அறிவையும் எழுதி வைக்க வேண்டும். அது பாடப்புத்தகம் இல்லாமல், ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கை வழியாக வந்த வேதியியல். அதை அறிந்த பெரியவர்கள் இன்னும் தோட்டங்களிலும், தானா ராத்தா, ரிங்லெட் ஆகிய மலையூர்களிலும் இருக்கிறார்கள். தோட்டப் பள்ளி மாணவர்கள் அறிவியல் பாடத்தின் செயல்திட்டமாக அவர்களிடம் போய், எந்த மணம் வந்தால் நிறுத்துவீர்கள், மழை நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், நொதியும் சவ்வும் ஆவியாதலும் அவர்களுக்குப் புத்தகத்துக்கு வெளியிலும் புரியும். அவர்கள் தாத்தா பாட்டிமார் செய்த வேலை எவ்வளவு நுட்பமானது என்பதும் புரியும்.